கொடுத்த ரசீது மாறக்கூடாது: ரப்பர் பால் கடை மென்பொருளில் ஒரு பழுதுபார்ப்பு

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கடை. அங்கே ஓடும் கணக்கு மென்பொருளில், கொடுத்து முடித்த ரசீதுகளின் தொகை தானாக மாறிக்கொண்டிருந்தது. காகிதத்தில் ஒரு தொகை இருக்கும். மாதக் கடைசியில் திரையில் வேறொன்று வரும். அதுவும் எல்லா ரசீதிலும் இல்லை, எல்லா நாளிலும் இல்லை. பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய மென்பொருள் அது. எழுதியவர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டதால் பழுதுபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

ஆப்ஜெக்ட் என்பது தரவையும் அதைக் கையாளும் நிரலையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம். அதற்குள் இருக்கும் தரவை வெளியிலிருந்து யாரும் மாற்றாமல் காப்பது எப்படி என்பதைக் கல்லூரியில் பிரைவேட் (வெளியாருக்கு மறைப்பது), கெட்டர் (படிக்கத் தருவது), செட்டர் (மாற்ற விடுவது) என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார்கள். இந்த நிரலின் ரசீதுப் பகுதியில் அது ஒழுங்காகவே செய்யப்பட்டிருந்தது. பண்புகளின், அதாவது உள்ளே இருக்கும் தரவுகளின், பெயருக்கு முன்னால் மறைப்புக்கான இரட்டை அடிக்கோடு இருந்தது, படிக்க மட்டும் பிராப்பர்ட்டி இருந்தது, செட்டர் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு இருந்தும் தரவு மாறியது. ஏன் மாறியது, எங்கெங்கே அடைத்தேன் என்பதை, இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கடை நடக்கும் விதம். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு குமரி மாவட்டத்தில்தான் விளைகிறது. விடியுமுன் பால்வெட்டு தொடங்கும். காலையிலேயே கேன்கள் கடைக்கு வந்துவிடும். பாலை அப்படியே எடை போட்டுக் காசு கொடுக்க முடியாது, அதில் பாதிக்கு மேல் தண்ணீர். உலர்ந்த ரப்பர் எவ்வளவு சதவீதம் என்று பார்க்க வேண்டும், அதைத்தான் டி.ஆர்.சி. என்பார்கள். பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் இடையில் நிற்கும். கொஞ்சமாகப் பால் கொண்டுவருபவர்களுக்கு பாலின் அடர்த்தியைக் காட்டும் மெட்ரோலாக் மிதவையை இறக்கி அப்போதே டி.ஆர்.சி. போட்டு ரசீது கொடுத்துவிடுவார்கள். பெரிய தோட்டக்காரர்களின் பாலில் மாதிரி எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெல்லிசாக அழுத்திக் காயவைத்து எடை பார்ப்பார்கள். அந்த முடிவு மறுநாள்தான் வரும், ரசீதும் மறுநாள்தான். ஆனால் விலை மட்டும் பால் எடை போட்ட நேரத்து விலை. இது கடையின் விதி, எல்லோருக்கும் தெரிந்த விதி.

கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் அன்றன்றைய விலையை வெளியிடுகிறது. அதைப் பார்த்துக் கடைக்காரர் தன் விலையை வைப்பார். காலையில் ஒரு விலை வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் சந்தை நிலவரம் தெரிந்ததும் சில நாள் மாற்றுவதும் உண்டு. இந்த மதிய மாற்றத்தில்தான் கோளாறு ஒளிந்திருந்தது.

என் கைக்கு வந்த முதல் சான்று, ஒரு அக்கா பத்திரமாக மடித்து வைத்திருந்த ரசீது. பால் 42.5 கிலோ, டி.ஆர்.சி. 34, உலர் எடை 14.45 கிலோ, விலை 184, தொகை 2,658 ரூபாய் 80 காசு. அதே ரசீது எண்ணைத் திரையில் எடுத்தால் எடையும் டி.ஆர்.சி.யும் அப்படியே இருக்கின்றன. விலை 180, தொகை 2,601. "எனக்க பேப்பர்ல ஒண்ணு, ஒங்களுக்க கம்ப்யூட்டர்ல ஒண்ணு. எதுக்குத் தம்பி நான் வெட்டுனது?" என்று அவர் கேட்டார். 57 ரூபாய் 80 காசு அவருக்குச் சின்னத் தொகை இல்லை. சின்னத் தொகையாகவே இருந்தாலும், கையில் கொடுத்த கணக்கு பின்னால் மாறுவது அநியாயம்தான். இந்த வேலையை நான் பொறுமையாக அடிவரை பார்த்ததற்கு அந்தக் கேள்வியே காரணம்.

புகார் வந்த ரசீதுகளின் தேதிகளைக் கடைக்காரரின் டைரியோடு வைத்துப் பார்த்தேன். விலை மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தோடு டைரியில் குறித்துவைப்பது அவர் வழக்கம். அந்தப் பழக்கம் பின்னால் பெரிய உதவியானது. புகார் வந்த ரசீது எல்லாமே மதியம் விலை மாறிய நாள்களில் காலையில் போட்டவை. மாறாத நாள்களில் ஒரு பிசகும் இல்லை.

நிரலைத் திறந்தேன். எழுதியவர் கிளாஸ் (ஆப்ஜெக்டை வார்க்கும் அச்சு), மாறி (மதிப்பைச் சுட்டும் பெயர்) எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்திருந்தார். பைத்தான் 3 வந்த 2008-லிருந்தே இதற்கு இடம் உண்டு. படிக்கச் சுகமாக இருந்தது. காலையில் விலை பதியும்போது விலை என்ற கிளாஸிலிருந்து புதிதாக ஒரு ஆப்ஜெக்ட் பிறக்கிறது. அதில் பால், ஷீட், ஒட்டுப்பால் என்று மூன்று விலைகள். ரசீது போடும்போது அந்த ஆப்ஜெக்ட் ரசீதுக்குள் வைக்கப்படுகிறது. தொகையை ரசீது சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போதெல்லாம் எடையையும் விலையையும் பெருக்கிச் சொல்கிறது. இதுவரை சரி. பிற்பாடு சேர்த்த 'விலை திருத்து' பொத்தானுக்குப் பின்னால் இருந்த வரி இது:

இன்றைய_விலை.பால் = 180

புதிய விலை ஆப்ஜெக்ட் எதுவும் பிறக்கவில்லை, இருப்பதற்குள்ளேயே எண் மாறுகிறது. காலையில் போட்ட முப்பது ரசீதும் அந்த ஒரே ஆப்ஜெக்டைத்தான் கையில் பிடித்திருக்கின்றன. ஒன்றை மாற்றினால் முப்பதும் மாறும். அன்று காலை ரசீதுகள் இரண்டை எடுத்து, அவற்றின் விலையை, ஆப்ஜெக்டின் அடையாள எண்ணைச் சொல்லும் ஐடி ஃபங்ஷனில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே எண் வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ரசீது கிளாஸில் விலைக்கு இரட்டை அடிக்கோடு போட்டிருந்தது. பைத்தான் அந்தப் பெயரை உள்ளுக்குள் _ரசீது__விலை என்று மாற்றிவைக்கும். வெளியிலிருந்து ரசீதுக்கு வேறொரு விலை ஆப்ஜெக்டைச் சொருகுவது கடினமாகும். காவல் அந்தப் பெயருக்கு மட்டும்தான். பெயர் சுட்டுகிற ஆப்ஜெக்டின் உள்ளடக்கத்துக்குக் காவல் கிடையாது. கெட்டர் மூலமாகக் கேட்டால் ரசீது தன் விலை ஆப்ஜெக்டை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடும். கொடுக்கவேகூடத் தேவையில்லை: அது பிறந்ததே வெளியில், பிறந்த இடத்தில் இன்னொரு பெயர் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டை நன்றாகப் பூட்டிவிட்டுச் சாவியின் நகலைக் கட்டியவரிடமே விட்டுவந்த மாதிரி. ஜாவா என்ற இன்னொரு நிரல் மொழியில் ஃபைனல் என்று எழுதினாலும் இதே கதை: அந்தப் பெயர் வேறு ஆப்ஜெக்டுக்குத் திரும்பாது, ஆனால் அது சுட்டும் ஆப்ஜெக்ட் மாறக்கூடியதாக இருந்தால் தாராளமாக மாறும். ஜாவாவின் பழைய டேட் கிளாஸில் இதனால் பட்டவர்கள் ஏராளம். 2014-ல் ஜாவா 8-ல் வந்த புதிய தேதி நேரக் கிளாஸ்கள் மாறாதவையாகவே அமைக்கப்பட்டன.

மென்பொருளை மூடித் திறந்தால் இந்தப் பிணைப்பு அறுந்துவிடாதா என்று கேட்கலாம். அறுவதில்லை. அந்த மாத ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே லிஸ்டாகப் பிக்கிள் கோப்பில் சேமித்திருந்தார்கள். ஆப்ஜெக்டுகளைக் கோப்பில் எழுதித் திரும்ப ஏற்றும் பைத்தான் வசதி அது. ஒரே தடவையில் சேமிக்கும்போது, பல இடங்களில் பகிரப்படும் ஆப்ஜெக்டைப் பிக்கிள் ஒரு தடவைதான் எழுதும். மற்ற இடங்களில் அதற்கான குறிப்பு மட்டும் இருக்கும். திரும்ப ஏற்றும்போது அந்தப் பகிர்வும் அப்படியே உயிர்பெறும். பிக்கிள் செய்வது சரியான வேலைதான். ஆனால் கரண்ட் போய் வந்து, கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பிய பிறகும் காலை ரசீதுகள் ஒரே விலையில் கட்டுண்டு கிடந்ததற்கு இதுவே காரணம்.

இன்னொன்று மனதை உறுத்தியது. புகார் கொடுத்தவர்கள் எல்லாரும் மெட்ரோலாக் ரசீதுக்காரர்கள். ஆசிட் விட்டுப் பார்த்த பெரிய தோட்டங்களிலிருந்து ஒரு புகார்கூட இல்லை. அவர்களுக்குக் கோளாறு இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அவர்களுக்கு ரசீது அடிக்கப்படுவதே மறுநாள். அதற்குள் விலை மாறிவிட்டது. எனவே காகிதத்திலேயே தவறான விலை அச்சாகியிருக்கிறது. காகிதமும் திரையும் ஒன்றுபோல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. எடைச்சீட்டின் நேரத்தையும் டைரியையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது சிலருக்குக் குறைவாகவும் சிலருக்குக் கூடுதலாகவும் போயிருந்தது. புகார் வராத இடத்தையும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இது போன்றவைதான் காரணம்.

இனி அடைப்பு வேலை. விலை கிளாஸை, தரவு வைப்பதற்கென்றே உள்ள டேட்டாகிளாஸாக்கி, ஃப்ரோசன் (உறைந்தது) என்பதை ட்ரூ (ஆம்) என்று வைத்தேன். 2018-ல் பைத்தான் 3.7-ல் வந்த வசதி இது. உறைந்த ஆப்ஜெக்டின் பண்புக்குப் புது மதிப்புக் கொடுக்கப் போனால் ஃப்ரோசன்இன்ஸ்டன்ஸ்எரர் வந்து நிரல் அந்த இடத்திலேயே நிற்கும். அப்படி வைத்ததுமே 'விலை திருத்து' பொத்தான் உடைந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான். அதோடு ஷீட் விலையைத் தொடும் இன்னொரு வரியும் வேறொரு திரையில் சிக்கியது. கண்ணால் தேடியிருந்தால் அதைப் பிடித்திருப்பேனா தெரியாது. இரண்டு இடங்களிலும் ரீப்ளேஸ் ஃபங்ஷனை வைத்தேன். பழைய விலையிலிருந்து ஒரு எண்ணை மட்டும் மாற்றிய புதிய விலை ஆப்ஜெக்ட் பிறக்கும், இன்றைய_விலை என்ற பெயர் இனி அதைச் சுட்டும். காலை ரசீதுகள் பழைய ஆப்ஜெக்டோடேயே இருக்கும். விலை, எடை எல்லாம் தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகைக்கு மாறின. டெசிமலும் மாறாத வகைதான், காசுக் கணக்கும் பிசகாது.

ரசீதில் வேலை அதிகம். ரசீதுக்குள் பிடித்தங்கள் என்று ஒரு லிஸ்ட் உண்டு: முன்பணத்தில் கழிப்பது, கேன் வாடகை, வண்டிக்கூலி. ரசீதை உறைய வைத்தாலும் உள்ளே இருக்கும் லிஸ்ட் உறையாது. உறைவு ஒரு அடுக்குக்குத்தான். ரசீதின் பண்பை மாற்ற முடியாது, பண்பாக இருக்கும் லிஸ்டில் எதையும் சேர்க்கலாம், நீக்கலாம். அதற்குச் சாட்சியும் நிரலிலேயே இருந்தது. பிடித்த விவரம் காட்டும் திரை, கெட்டர் கொடுத்த லிஸ்டின் கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு வரியை அப்பெண்ட் செய்துவிட்டு அதை அச்சடித்தது. அது நகல் அல்ல, ரசீதின் சொந்த லிஸ்ட். எனவே அந்தத் திரையை ஒருவர் திறந்து பார்த்தாலே பிடித்தம் இரட்டிப்பாகும். மறுபடி திறந்தால் அந்த இரட்டிப்பும் கூடிவிடும். பார்ப்பதே கணக்கை மாற்றுகிறது என்றால் அந்தக் கணக்கை யார் நம்புவார்கள்?

ரசீது பிறக்கும்போதே லிஸ்டை டூப்பிளாக, அதாவது உருவான பின் மாற்ற முடியாத வரிசையாக, மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். டேட்டாகிளாஸில், ஆப்ஜெக்ட் பிறந்த கையோடு ஓடும் போஸ்ட்இனிட் என்ற மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) அதற்கான இடம். ஆனால் கிளாஸ் உறைந்திருப்பதால் அங்கேயும் சாதாரணமாக மதிப்பு வைக்க முடியாது. ஆப்ஜெக்ட் என்ற அடிப்படைக் கிளாஸில் பண்புக்கு மதிப்பு வைக்கும் செட்ஆட்டர் மெத்தடை நேரடியாக அழைத்துத்தான் வைக்க வேண்டும். இதே வழியில் வெளியிலிருந்தும் யார் வேண்டுமானாலும் உறைவை மீறலாம். அதாவது பைத்தானின் உறைவு கைதவறி நடக்கும் மாற்றத்தைத்தான் தடுக்கும், வேண்டுமென்றே செய்வதைத் தடுக்காது. இந்தக் கடையில் கண்டதெல்லாம் கைதவறியவைதான். அதற்கு இந்தத் தடுப்பு தாராளம்.

டூப்பிளாக்குவதால் இன்னொரு ஓட்டையும் அடைபட்டது. ரசீது பதியும் திரை பிடித்தங்களைத் தன் லிஸ்டில் சேர்த்து ரசீதிடம் கொடுக்கிறது. ரசீது அந்த லிஸ்டையே வைத்துக்கொண்டால், திரை அடுத்த ஆளுக்காக லிஸ்டைக் காலி செய்யும்போது முந்தைய ரசீதும் காலியாகும். இப்போதைக்குத் திரை ஒவ்வொரு தடவையும் புது லிஸ்ட் எடுத்தது, அதனால் பிழைத்தது. நாளை யாராவது வேகம் கருதி அதை மாற்றினால் தீர்ந்தது கதை. கெட்டரில் நகல் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். உள்ளே வாங்கும்போதும் நகல் எடுக்க வேண்டும் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் உள்வாசல்தான் கூடுதல் ஆபத்து.

நகலுக்கும் பார்வைக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். பெயருக்கு எதிரே மதிப்பு வைக்கும் டிக்ஷனரிகளைக் காக்க மேப்பிங்ப்ராக்ஸிடைப் என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாக யாரும் மாற்ற முடியாது, ஆனால் அடியில் இருக்கும் டிக்ஷனரியை வைத்திருப்பவர் மாற்றினால் அந்த மாற்றம் இதன் வழியாகவும் தெரியும். ஜாவாவின் அன்மாடிஃபையபிள்லிஸ்ட்டும் அப்படியே. 2018-ல் ஜாவா 10-ல் வந்த லிஸ்ட் காப்பிஆஃப் வேறு ரகம், அது தனி நகல். ரசீது போன்ற முடிந்துபோன கணக்குக்கு நகல்தான் பொருந்தும்.

அடைப்பு முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை வைத்தேன். உறைந்த டேட்டாகிளாஸுக்குப் பைத்தான் தானாகவே ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு எண்) தரும்; அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பண்பின் ஹாஷையும் கேட்கும். எங்கேயாவது லிஸ்டோ டிக்ஷனரியோ செட்டோ ஒளிந்திருந்தால் டைப்எரர் வரும். ஆகவே சோதனையில் ஒரு ரசீதை உருவாக்கி ஹாஷ் கேட்டால், ஆழத்தில் கிடக்கும் லிஸ்டும் காட்டிக்கொடுத்துவிடும். முகவரி என்ற கிளாஸுக்குள் தொலைபேசி எண்கள் லிஸ்டாக இருந்தது இப்படித்தான் தெரிந்தது. இதற்கும் எல்லை உண்டு: டேட்டாகிளாஸாக இல்லாத சாதாரண கிளாஸ் மாறக்கூடியதாக இருந்தாலும் ஹாஷ் தந்துவிடும். அவற்றைக் கையால்தான் பார்த்தேன். இதுபோக, ஒவ்வொரு பண்பையும் மாற்ற முயன்று, பிழை வந்தால் மட்டுமே தேறும் சோதனைகளைப் பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் எழுதிவைத்தேன்.

அடுத்தது மறுநாள் ரசீது. டி.ஆர்.சி. தெரியும்வரை கணக்கு முடியாது. அதுவரை மாற்ற இடம் வேண்டும். பழைய நிரலில் ரசீது கிளாஸிலேயே 'முடிந்ததா' என்று ஒரு கொடி (ஆம், இல்லை என்ற குறி) வைத்து, ஒவ்வொரு மெத்தடிலும் அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மெத்தடில் அந்தச் சோதனை விட்டுப்போயிருந்தது. கொடியை எடுத்துவிட்டு இரண்டு கிளாஸாகப் பிரித்தேன். எடைச்சீட்டு திறந்தது, திருத்தலாம். ஆனால் அதற்குள் இருக்கும் விலை மட்டும் எடை போட்ட நேரத்து உறைந்த ஆப்ஜெக்ட். டி.ஆர்.சி. வந்ததும் 'முடி' என்ற மெத்தட் எடைச்சீட்டிலிருந்து ரசீதை உருவாக்கிக் கொடுக்கும். ரசீதில் மாற்றும் மெத்தடே கிடையாது. மறந்துபோக இடமே இல்லாததால், கொடியைவிட இந்தப் பிரிப்பை நான் எப்போதும் விரும்புவேன்.

கடைக்காரருக்கு இதில் ஒரு கவலை இருந்தது. "ஒண்ணும் மாத்த முடியாதுன்னா, பையன் எடையைத் தப்பா அடிச்சா என்ன செய்யது?" நியாயமான கேள்வி. அவருடைய அப்பா காலத்துப் பேரேட்டில் அதற்கு வழி இருந்தது: அடித்து எழுதாமல், தவறிய பதிவுக்கு எதிர்ப்பதிவு போட்டுவிட்டுச் சரியானதைக் கீழே எழுதுவார்கள். மென்பொருளிலும் அதையே வைத்தேன். ரத்துப் பதிவு பழைய ரசீது எண்ணைச் சுட்டும், காரணம் கேட்கும். புதிய ரசீது தனி எண்ணில் வரும். மூன்றும் கணக்கில் நிற்கும். பேரேட்டைச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டது.

பிக்கிளை முற்றிலும் எடுத்துவிட்டேன். உறைந்த கிளாஸுக்கும் பிக்கிளுக்கும் நடுவில் ஒரு பொறி இருக்கிறது: பிக்கிள் ஏற்றும்போது, ஆப்ஜெக்ட் பிறக்கையில் வழக்கமாக ஓடும் இனிட் மெத்தடை அழைப்பதில்லை, எனவே போஸ்ட்இனிட்டும் ஓடாது, பழைய பண்புகளை நேராக உள்ளே வைத்துவிடும். கிளாஸை உறைய வைத்துவிட்டுப் பழைய கோப்பை ஏற்றினால், வெளியே உறைந்த ரசீது, உள்ளே பழைய லிஸ்ட். அதனால் பழைய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் படித்து, புதிய கிளாஸில் புதிதாகவே பிறக்க வைத்தேன். விலைகள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் கார்பன் நகல்களிலிருந்தும் டைரியிலிருந்தும் வந்தன. கடையில் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்த்தது கடைக்காரரின் மகள். ஒரு நகல்கூட விடவில்லை.

புதிய சேமிப்பு எஸ்க்யூலைட் என்ற ஒரே கோப்புத் தரவுத்தளம். நினைவகத்தில் எவ்வளவு காவல் போட்டாலும் கோப்பில் போட முடியாவிட்டால் பாதி வேலைதான். ரசீது டேபிளில் இரண்டு டிரிகர் (தானாக ஓடும் காவல் விதி) வைத்தேன். மாற்றும் அப்டேட்டோ நீக்கும் டெலீட்டோ வந்தால் ரெய்ஸ் அபார்ட் என்று மறுத்துவிடும். எஸ்க்யூலைட்டில் டெசிமல் வகை கிடையாது, ஆகவே தொகையைக் காசாகவும் எடையை கிராமாகவும் முழு எண்ணில் வைத்தேன். விலையும் தொகையும் ஒவ்வொரு வரிசையிலும் மதிப்பாகவே பதிவாகின்றன.

கடைக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. பண்புகளின் பட்டியலை முன்கூட்டியே நிலைப்படுத்தும் ஸ்லாட்ஸ் வசதியை டேட்டாகிளாஸிலேயே ஒரே சொல்லில் கேட்பது 3.10-ல்தான் வந்தது, அது கிடைத்தால், ஆப்ஜெக்ட் தன் பண்புகளை வைத்திருக்கும் டிக்ட் என்ற டிக்ஷனரி வழியாக உள்ளே கைவிடும் பாதையும் மூடும். புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் உறைய வைக்கவில்லை. பேரல் இருப்பு என்ற கிளாஸ் மாறிக்கொண்டேதான் இருக்க வேண்டும்: பால் ஊற்ற ஊற்றக் கூடும், லாரி வந்தால் குறையும். அதை உறைய வைத்து ஒவ்வொரு ஊற்றலுக்கும் புது ஆப்ஜெக்ட் எடுப்பதில் எனக்கு லாபம் தெரியவில்லை. அதற்கு வேறு கட்டுப்பாடு வைத்தேன்: அந்த ஆப்ஜெக்ட் ஒரே ஒரு இடத்தில் இருக்கும், யாருக்கும் கைமாறாது, கேட்பவர்களுக்கு லிட்டர் எண்ணிக்கை மட்டும் கிடைக்கும், அதுவும் வெறும் முழு எண்ணாக. ஊற்று, ஏற்று என்ற இரண்டு மெத்தட் தவிர அதை மாற்ற வழி இல்லை. இருப்பதைவிடக் கூடுதலாக ஏற்றச் சொன்னால் மறுக்கும்.

தோட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கடைக்காரர் பட்டியல் போட்டுக் கொடுத்துவருகிறார். கூடுதலாகப் போனவர்களிடம் திருப்பிக் கேட்பதில்லை என்று அவரே முடிவெடுத்துவிட்டார். அந்தப் பட்டியலும் ரசீது டேபிளிலேயே ரத்துப் பதிவு, புதிய பதிவு என்று காரணத்தோடு ஏறியிருக்கிறது. அக்காவின் ரசீதுக்குத் திரையில் இப்போது 184 வருகிறது.